காசு வந்த பாத், காசு வராத யார்க்

லண்டனைச் சுற்றிப் பார்த்து முடித்தவர்கள் வழக்கமாகக் கேட்பது இது: "இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது. யார்க்குக்குப் போகலாமா, பாத்துக்குப் போகலாமா?" பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தூரத்தை வைத்தே சொல்வார்கள். பாத் மேற்கே இருக்கிறது. ரயில் பாதையில் சுமார் 170 கிலோமீட்டர். பாடிங்டனில் ஏறினால் ஒன்றரை மணி நேரப் பயணம். யார்க் வடக்கே சுமார் 300 கிலோமீட்டர். ஆனால் கிங்ஸ் கிராஸிலிருந்து கிளம்பும் வேகமான வண்டி இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அரை மணி நேர வித்தியாசத்துக்காக ஒரு நகரத்தைத் தள்ளிவைப்பது நியாயமில்லை.

அடுத்த கேள்வி, எது பழையது என்பது. அதிலும் தீர்ப்புக் கிடைக்காது. ரோமானியர் யார்க்கில் படைக்கோட்டை கட்டியது கி.பி. 71இல். பாத்தின் வெந்நீர் ஊற்றருகே கோயிலும் குளிப்பிடமும் எழுப்பத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஒன்றுக்கு எபோராகம் என்றும் மற்றதற்கு அக்வே சூலிஸ் என்றும் பெயரிட்டார்கள். இரண்டுக்கும் ஆறு உண்டு, பெரிய தேவாலயம் உண்டு, முடிசூடிய மன்னர் கதைகள் உண்டு. கான்ஸ்டன்டைனைப் படைவீரர்கள் பேரரசராக அறிவித்தது 306இல், யார்க்கில். இங்கிலாந்து மன்னர் எட்கருக்கு 973இல் முடிசூட்டு விழா நடந்தது பாத்தில். இன்றுவரை நடக்கும் முடிசூட்டுச் சடங்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வேறுபாடு வயதில் இல்லை. எந்த நூற்றாண்டில் ஊருக்குள் காசு புரண்டது, எந்த நூற்றாண்டில் அது நின்றுபோனது என்பதில்தான் இருக்கிறது. காசு உள்ள ஊர் பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். காசில்லாத ஊருக்கு இடிக்கவும் வழியிருக்காது. இந்த ஒரு சங்கதியைப் பிடித்துக்கொண்டால் இரண்டு ஊரிலும் கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கிவிடும்.

யார்க்கின் செல்வக் காலம் இடைக்காலம். ஊஸ், ஃபாஸ் என்ற இரண்டு ஆறுகள் கூடும் சமவெளியில், கடலிலிருந்து ஹம்பர் முகத்துவாரம் வழியே படகு ஏறிவர வசதியான இடத்தில் அது அமைந்திருக்கிறது. அதே நீர்வழியால் வைக்கிங்குகளுக்கும் ஊர் எட்டும் தூரத்தில் இருந்தது. 866இல் பிடித்துக்கொண்டு யோர்விக் என்றார்கள். பிறகு கம்பளி வணிகமும் தேவாலயத்தின் செல்வாக்கும் சேர்ந்து அதை லண்டனுக்கு அடுத்த பெருநகரங்களின் வரிசையில் வைத்தன. மின்ஸ்டர் என்ற பேராலயம் 1220 முதல் 1472 வரை, இரண்டரை நூற்றாண்டு கட்டப்பட்டது அந்தக் காசில்தான். அதன் கிழக்குச் சாளரத்தை ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405 முதல் 1408க்குள் முடித்தார். ஏறக்குறைய ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் அளவு. உலகத் தோற்றம் முதல் உலக முடிவு வரை கண்ணாடியில். கூலி 56 பவுண்டு.

16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். துணி வணிகமும் வேறு ஊர்களுக்கு நகர்ந்தது. யார்க் சரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயமும் நடனக் கூடமும் கொஞ்சம் பணத்தைக் கொண்டுவந்தன, உண்மை. ஆனால் ஊரையே மாற்றிக் கட்டுமளவுக்கு அது போதவில்லை. தொழிற்புரட்சியின் ஆலைகளும் லீட்ஸ், பிராட்ஃபோர்டு பக்கம் போய்விட்டன. ஆகவே ஷாம்பிள்ஸ் என்ற கசாப்புக்காரர் தெருவில், மேல்மாடிகள் எதிரெதிரே நீட்டிக்கொண்டிருக்கும் மரவீடுகள் அப்படியே தங்கிப்போயின. இன்று அங்கே கூட்டம் நெரிசலாய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தெருவைக் காப்பாற்றியது ரசனை என்று நான் நம்பவில்லை, காசுத் தட்டுப்பாடுதான்.

நகரச் சுவரின் கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சுமார் 3.4 கிலோமீட்டர் நீளம்; இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் இடைக்கால நகரச் சுவர்களில் இதுவே மிக நீளமானது. மேலே ஏறி நடக்கலாம், கட்டணம் இல்லை. இதையும் இடித்துத் தள்ளத்தான் 1800 வாக்கில் நகர மன்றம் துடித்தது. பராமரிப்புச் செலவு தாங்கவில்லை என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பு கிளம்பியது, யார்க்கில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி அதில் முன்னே நின்றார். சுவர் தப்பியது, முழுசாக அல்ல. நான்கு பெரிய வாயில்களுக்கு முன்னால் இருந்த அரண்களில் மூன்று போய்விட்டன. வாம்கேட் வாயிலில் மட்டும் மிச்சம். பிறகு ரயில் வந்தபோது சுவரிலேயே வளைவு திறந்து தண்டவாளத்தை உள்ளே விட்டார்கள்.

பாத்தின் கதை தலைகீழ். 1700 வாக்கில் அது இரண்டாயிரம் மூவாயிரம் பேர் வாழ்ந்த, சுவருக்குள் அடங்கிய சிற்றூர். அரசி ஆன் 1702இலும் 1703இலும் வெந்நீருக்காக வந்துபோனார். அரசி வந்த இடத்துக்குப் பிரபுக்கள் வராமல் இருப்பார்களா? போ நாஷ் என்ற சூதாட்டப் பிரியர் விழாத் தலைவராகி, யார் எப்போது ஆடுவது, என்ன உடுத்துவது என்றெல்லாம் சட்டம் போட்டார். ரால்ஃப் ஆலன் தபால் ஒப்பந்தத்தில் சம்பாதித்ததைக் கோம்ப் டவுன் குன்றின் கல்சுரங்கங்களில் போட்டார். அந்தத் தேன்நிறச் சுண்ணாம்புக்கல்லை வைத்துக் கட்ட ஜான் வுட் என்ற கட்டடக் கலைஞர் கிடைத்தார். நூறாண்டில் மக்கள்தொகை 30,000ஐத் தாண்டியது; அப்போது யார்க்கில் அதில் பாதிதான். பழைய பாத்தில் பெரும்பகுதி இந்த வேகத்தில் காணாமல் போனது. இடைக்காலப் பாத்தைத் தேடிப் போகிறவருக்கு ஆபி என்ற மடாலயத் தேவாலயமும் சுவரின் சில துண்டுகளும்தான் கிடைக்கும்.

அந்தக் காசில் கட்டியதை மட்டமாகப் பேச முடியாது. மூத்த வுட் 1754இல் தொடங்கிய சர்க்கஸ், வட்டமாய் நிற்கும் மூன்று வில்வடிவ வீட்டு வரிசை. அவர் மகன் 1767 முதல் 1774 வரை கட்டிய ராயல் கிரசன்ட், பிறைவடிவில் 30 வீடுகள், முன்னே 114 தூண்கள். முன்பக்கம் ஒரே அரண்மனை போல இருக்கும். பின்பக்கம் போய்ப் பாருங்கள்: கூரை ஒன்றுக்கொன்று ஒட்டாது, சன்னல் ஒழுங்கில்லை, ஒவ்வொரு வீடும் ஒரு தினுசு. முகப்பை மட்டும்தான் வுட் விதித்தார். பின்னால் இருந்ததை வாங்கியவர்கள் தத்தம் ஆட்களை வைத்துக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பிடிக்கும்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று பாத்தின் வழிகாட்டிகள் முன்பெல்லாம் அதிகம் பேசுவதில்லை. கரீபியன் தீவுகளில் அடிமைகள் விளைவித்த கரும்பின் லாபம் இங்கே வீடாக மாறியது. ஊருக்கு மேலே நிற்கும் கோபுரத்தைக் கட்டிய வில்லியம் பெக்ஃபோர்டின் குடும்பச் சொத்து ஜமைக்காவின் தோட்டங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் கொழுத்துத் திரும்பியவர்களும் இங்கே குவிந்தார்கள். 1751இல் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ், கடைசிக் காலத்தில் சர்க்கஸில் ஒரு வீடு வைத்திருந்தார். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது தகும். யார்க்கும் சுத்தமான ஊர் அல்ல. 1190 மார்ச்சில், கலகக் கூட்டத்துக்கு அஞ்சிக் கோட்டைக்குள் புகுந்த சுமார் 150 யூதர்கள் அங்கேயே மாண்டார்கள். இன்று கிளிஃபோர்டு கோபுரம் நிற்கும் மேடு அதுதான்.

பாத்தின் காசும் ஒரு நாள் நின்றது. 1793 வங்கி நெருக்கடியில் கட்டுமானக்காரர்கள் நொடித்தார்கள். கிரேட் புல்ட்னி தெருவின் பக்கத் தெருக்கள் சில, கிளம்பிய இடத்திலேயே முடிந்துபோயின. நாகரிகக் கூட்டமும் பிரைட்டன் கடற்கரைக்குப் போய்விட்டது. ஜேன் ஆஸ்டின் 1801இல் குடிவந்தபோது ஊரின் உச்சம் கடந்திருந்தது. அவருக்கு இந்த ஊர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது அவர் கடிதங்களிலேயே தெரிகிறது. ஊருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஆண்டுதோறும் அவர் பெயரில் விழா எடுக்கிறது.

ஆக, இரண்டும் உறைந்த ஊர்கள். உறைந்த தேதிதான் வேறு. அதனால்தான் ரோமானிய மிச்சங்களும் இரண்டு விதமாகக் கண்ணில் படுகின்றன. பாத்தில் அவை நடுநாயகம். ஆனால் ஒரு எச்சரிக்கை வேண்டும்: பெரிய குளத்தைச் சுற்றிப் பச்சை நீரில் நிழலாடும் தூண்களையும் மேல்தளத்துச் சிலைகளையும் ரோமானியர் செய்தவை என்று நினைத்துப் படம் எடுக்காதவர் இல்லை. தூண்களின் அடிப்பாகத்துக்கு மேலே இருப்பதெல்லாம் விக்டோரியா காலத்து வேலை, 1897இல் திறந்தது. உண்மையான ரோமானியப் பொருள் உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருடனைச் சபித்து ஈயத் தகட்டில் எழுதித் தெய்வத்துக்கு ஊற்றில் போட்ட சாபங்கள் சுமார் 130 கிடைத்திருக்கின்றன. குளிக்கப் போன இடத்தில் துணியைப் பறிகொடுத்தவர்களின் புலம்பல்தான் பல. யார்க்கிலோ ரோமானியர் காலடியில் கிடக்கிறார்கள். மின்ஸ்டரின் நடுக்கோபுரம் சாய்ந்துவிடும் என்று 1967இல் அடித்தளத்தைத் தோண்டியபோது படைக்கோட்டையின் தலைமையகம் தட்டுப்பட்டது. அடித்தளத்தில் இறங்கினால் அதைப் பார்க்கலாம்.

பாத்தின் வெந்நீரில் குளிக்க முடியுமா? ரோமானியக் குளத்தில் முடியாது. 1978இல் அந்த நீரிலிருந்த அமீபாத் தொற்றால் ஒரு சிறுமி இறந்தபின் குளியல் நிறுத்தப்பட்டது. ஆழ்துளை போட்டுச் சுத்தமான நீரை எடுத்து, 2006இல் பக்கத்திலேயே புதிய குளியலகம் திறந்தார்கள். காசு கொடுத்தால் கூரைமேல் குளத்தில் மிதக்கலாம். மெண்டிப் குன்றுகளில் பெய்த மழை, ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, பாறைப் பிளவு வழியே 46 டிகிரி வெப்பத்தில் மேலே வருகிறது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல். யார்க்கிலும் தண்ணீர் மேலே வருவதுண்டு, கேட்காமலே. 2000 நவம்பரில் ஊஸ் வழக்கத்தைவிட 5.4 மீட்டர் உயர்ந்தது. 2015 டிசம்பரில் ஃபாஸ் ஆற்றுத் தடுப்பணையின் நீரேற்று நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்துவிட, கிறிஸ்துமஸ் மறுநாள் நூற்றுக்கணக்கான வீடுகள் மூழ்கின.

இந்த இரண்டு ஊரின் விதியும் ஒரே வாரத்தில் சந்தித்தது 1942 ஏப்ரலில். பிரிட்டன் லூபெக் நகரத்தைக் குண்டு வீசி எரித்ததற்குப் பழிவாங்க, ஜெர்மனி இங்கிலாந்தின் அழகிய பழைய ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. பேடெக்கர் என்ற பயண வழிகாட்டி நூலில் நட்சத்திரம் பெற்ற கட்டடங்களைக் குறிவைப்போம் என்று ஜெர்மன் அதிகாரி ஒருவர் சொன்னதால் அதற்குப் பேடெக்கர் தாக்குதல் என்று பெயர். ஏப்ரல் 25 முதல் 27க்குள் பாத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நடனக் கூடம் ஓடாகி நின்றது. 29ஆம் தேதி விடியலில் யார்க். கில்ட்ஹால் எரிந்தது, மின்ஸ்டர் தப்பியது. குண்டு செய்யாததை நகரத் திட்டக்காரர்கள் செய்தார்கள் என்பது பாத்துக்காரர்களின் ஆத்திரம். 1960களிலும் 70களிலும், பெரிய வீடுகளுக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் தெருக்களை அங்கே வரிசையாக இடித்தார்கள். யார்க்கில் 1968இலேயே ஈஷர் பிரபுவின் அறிக்கை பழைய நகரத்தை அப்படியே காக்கச் சொன்னது.

யுனெஸ்கோ 1987இல் பாத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய ஊற்று நகரங்களில் ஒன்றாக 2021இல் இரண்டாவது முறையும் இடம் கொடுத்தது. யார்க் 2023இல்தான் பிரிட்டனின் உத்தேசப் பட்டியலுக்கே வந்தது. அநியாயம் என்று தோன்றலாம். ஆனால் பாத்தை ஒரே வரியில் சொல்லிவிட முடியும்: வெந்நீர், ஒரே கல், ஒரே நூற்றாண்டு. யார்க்கில் ரோமானியர், வைக்கிங், நார்மன், கம்பளி வியாபாரி, ரயில் முதலாளி ஜார்ஜ் ஹட்சன், கிட்கேட் செய்த ரௌன்ட்ரீ ஆலை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது. எதை முன்னே நிறுத்துவது? அந்த ரௌன்ட்ரீ குடும்பத்துச் சீபோம், அதே ஊரின் ஏழைகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து 1901இல் நூலாக்கினார். ஊரில் நாலில் ஒருவருக்கு மேல் வறுமையில் இருந்தது அப்போது வெளியே தெரிந்தது. எனக்குத் தெரிந்து யார்க்கைப் பற்றிய மிக முக்கியமான நூல் அதுதான். சுற்றுலாக் கடைகளில் அது கண்ணில் படாது.

ஒரு நாள்தான் என்றால் என் ஓட்டு யார்க்குக்கு. வெயில் அடிக்கும் நாளாக இருந்து, கூட வருகிறவர்களுக்குக் கட்டடங்களில் ஆசை என்றால் பாத். இரண்டு நாள் கிடைத்தால் தேர்ந்தெடுக்கும் தொல்லையே இல்லை: முதலில் பாத்துக்குப் போங்கள், மறுநாள் லண்டன் திரும்பாமல் கால் மணி நேரத்தில் பிரிஸ்டல் போய், அங்கிருந்து பர்மிங்காம், ஷெஃபீல்ட், லீட்ஸ் வழியாக யார்க்குக்கு நேர் வண்டி பிடியுங்கள், நான்கு மணி நேரம் ஆகும். முன்கூட்டியே வாங்கினால் சீட்டு விலை பாதிக்கும் கீழே வரும்.