வீட்டு வாசலுக்கு ஒயின்: அமெரிக்க மாநிலச் சட்டங்களின் வரலாறு

அமெரிக்காவில் ஒயின் ஆலையிலிருந்து ஒரு பெட்டியை நேரே வீட்டுக்கு வரவழைக்கலாமா என்பதை வாங்குபவர் வாழும் மாநிலமே முடிவுசெய்கிறது. மதுவிலக்கை 1933 டிசம்பரில் நீக்கிய 21-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறி அதற்குள் மது கொண்டுவருவதைத் தடைசெய்தது. இந்த அதிகாரத்தின் பலத்தில் பெரும்பாலான மாநிலங்கள் உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்ற மூன்றடுக்கு முறையை வகுத்தன. முன்பு ஆலைகளே மதுக்கூடங்களைக் கைக்குள் வைத்துக்கொண்டு குடியை வளர்த்ததால், இருவரையும் பிரித்துவைக்க நினைத்தது நியாயமே. நாளடைவில் அந்த ஏற்பாடு மொத்த வியாபாரிக்குக் கோட்டையாகிவிட்டது. அதிகம் விற்காத சிறு ஆலைகளின் சரக்கை எடுக்க அவருக்கு அக்கறையும் இல்லை. கலிபோர்னியா 1986-இல், தன் ஒயினை ஏற்கும் மாநிலங்களின் ஒயினைத் தானும் ஏற்பதாகச் சட்டம் செய்தது. அந்த வட்டத்துக்கு வெளியே தடை நீடித்தது.

திருப்பம் 2005 மே மாதம் வந்தது. உள்ளூர் ஆலைகள் நேரடியாக அனுப்ப மிச்சிகன் இடம் கொடுத்தது, வெளிமாநில ஆலைகளுக்கு மறுத்தது. நியூயார்க்கோ தன் எல்லைக்குள் கிளை வைத்தால்தான் ஆயிற்று என்றது. கிரான்ஹோம் எதிர் ஹீல்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் இரண்டையும் செல்லாதவை என்றது. ஆனால் இத்தீர்ப்பு குடிமக்களுக்கு ஒயின் வரவழைக்கும் உரிமையைத் தந்ததாகச் சொல்வது பிழை. இருவரையும் அனுமதி, அல்லது இருவரையும் தடு என்பதே அதன் சாரம். தடுத்தால் சொந்த ஊர்த் திராட்சை விவசாயியும் அடிபடுவார். அதனால்தான் பல சட்டமன்றங்கள் கதவைத் திறந்தன. மாசசூசெட்ஸ் வேறு வழி தேடி, ஆண்டுக்கு 30,000 காலனுக்கு மேல் தயாரிக்கும் ஆலைகளுக்கு மட்டும் கெடுபிடி விதித்தது. உள்ளூர் ஆலைகள் எல்லாமே அந்த அளவுக்குக் கீழேதான் இருந்தன! 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்துசெய்தது.

சிறார் கைக்கு மது போகும், வரி தப்பும் என்பவை வழக்கமான ஆட்சேபங்கள். உள்ளூர் ஆலையிடமும் சிறுவன் ஆர்டர் கொடுக்கலாமே! வயதுவந்தவரின் கையெழுத்து, உரிமம், மாதாந்தரக் கணக்கு ஆகியவற்றால் இரண்டையும் சமாளிக்கலாம். நேரடி விற்பனையை அனுமதித்த மாநிலங்கள் சிறார் விஷயத்தில் பெரிய சிக்கல் எதையும் தெரிவிக்கவில்லை என்று மத்திய வர்த்தக ஆணையம் 2003-இலேயே அறிக்கை தந்தது. ஆனால் கிரான்ஹோம் வழக்கில் நீதிபதி தாமஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. 1913-ஆம் ஆண்டின் வெப்-கென்யன் சட்டமும் 21-ஆவது திருத்தமும் மாநிலத்துக்கு முழு அதிகாரம் தருகின்றன என்பது அவர் வாதம். சொற்களை மட்டும் பார்த்தால் அது வலுவானதே. ஆனால் குடியைக் கட்டுப்படுத்தத் தந்த அதிகாரம் உள்ளூர்த் தொழிலைக் காப்பதற்கு அல்ல என்று ஹவாய் மதுவரி வழக்கில் 1984-இலேயே தீர்ப்பாகியிருந்தது.

அரசியல் சட்டம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவுசெய்வதில்லை என்பது பீரின் நிலையைப் பார்த்தால் விளங்கும். அரசியல் சட்டம் ஒன்றுதான். ஆனாலும் பீரை வீட்டுக்கு அனுப்ப விடும் மாநிலங்கள் மிகக் குறைவு. எடை அதிகம், விலை குறைவு, அனுப்பும் செலவு கட்டாது. பீர் மொத்த வியாபாரிகளின் செல்வாக்கும் சட்டமன்றங்களில் பெரிது. கடைகளின் கதையும் அப்படித்தான். ஆலைகளுக்குக் கதவைத் திறக்க நேர்ந்த அதே மிச்சிகன், உள்ளூர்ச் சில்லறைக் கடைகள் வீட்டுக்கு அனுப்பலாம், வெளிமாநிலக் கடைகள் கூடாது என்று பின்னர் விதித்தது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.