அயர்லாந்தின் குடும்ப ஆவணங்கள்: நெருப்பிலிருந்து திரைக்கு

அயர்லாந்தில் தம் முன்னோரைத் தேடும் ஒருவர் இன்று பெரும்பாலும் காகிதத்தைத் தொடுவதில்லை. 1901, 1911 ஆகிய ஆண்டுகளின் வீட்டுக் கணக்கெடுப்புப் படிவங்கள், கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகள், அரசின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் ஆகியவை கட்டணமின்றி இணையத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. இந்த வசதியைப் பார்ப்பவர்கள் அந்நாடு தன் ஆவணங்களைக் கவனமாகப் பேணி வந்தது என்றே நினைப்பார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. ஏழு நூற்றாண்டுகளாகச் சேர்ந்த ஆவணங்களை ஒரே நாளில் இழந்த நாடு அது. இன்று திரையில் தெரிவனவற்றுள் பெரும்பகுதி அரசு காப்பாற்றியதால் கிடைத்தவை அல்ல. யாரோ ஒருவர் வேறு ஒரு தேவைக்காகப் படி எடுத்ததாலும், அரசின் கைக்கு வராமல் வெளியே கிடந்ததாலும் தப்பியவை.

ஆவணக் கருவூலம்

1867 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அயர்லாந்தின் பொது ஆவண அலுவலகம் டப்ளினில் அமைக்கப்பட்டது. லிஃபி ஆற்றின் கரையில் உள்ள ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இதற்கெனத் தனிக் கட்டடம் எழுப்பப்பட்டது. கவிஞரும் தொல்பொருள் ஆய்வாளருமான சாமுவேல் ஃபெர்குசன் அதன் முதல் பொறுப்பாளர். வளாகத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, அலுவலர்களும் வாசகர்களும் பயன்படுத்திய ஆவண இல்லம். மற்றொன்று, ஆவணங்கள் அடுக்கப்பட்ட ஆறு தள உயரமுள்ள கருவூலம். தீ பரவாதிருக்க இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடப்பட்டது. இல்லத்தில் பற்றும் தீ கருவூலத்துக்குப் போய்விடக் கூடாது என்பது கட்டியவர்களின் கவலை. தீ கருவூலத்திலேயே தொடங்கும் என்று அவர்கள் எண்ணவில்லை.

1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், பல நூற்றாண்டு உயில்கள், நீதிமன்றப் பதிவுகள், நிலப் பதிவுகள் ஆகியவை அங்கே சேர்க்கப்பட்டன. அயர்லாந்துத் திருச்சபை என்னும் ஆங்கிலிக்கன் சபை 1871 வரை அரசின் சபையாக இருந்தது. அந்த நிலை நீங்கிய பின் அதன் பழைய பதிவேடுகளும் பொது ஆவணங்களாக அறிவிக்கப்பட்டு டப்ளினுக்கு வரவழைக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகள் வந்து சேர்ந்தன. பல பங்குத் தலைவர்கள் அவற்றை அனுப்ப மனமின்றி எதிர்ப்புத் தெரிவித்ததால் 1876 இல் சட்டம் திருத்தப்பட்டது. தகுந்த பாதுகாப்பு உள்ள பங்குகள் பதிவேடுகளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என ஆயிற்று. சில பங்குகள் அனுப்பும் முன் கையால் ஒரு படி எழுதி வைத்துக்கொண்டன.

1919 இல் அங்கே பணியாற்றிய ஹெர்பர்ட் வுட் கருவூலத்தின் உள்ளடக்கத்துக்கு விரிவான வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில் அந்நூல் இல்லாத பொருள்களின் பட்டியலாக மாறிவிட்டது.

1922 ஜூன் 30

பிரிட்டனுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எதிர்த்த படையினர் 1922 ஏப்ரலில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தைக் கைப்பற்றினர். கருவூலக் கட்டடத்தில் வெடிபொருள்கள் வைக்கப்பட்டன. ஜூன் 28 அன்று புதிய அரசின் படை பீரங்கித் தாக்குதலைத் தொடங்கியது. 30 ஆம் நாள் பெரும் வெடிப்பு நிகழ்ந்து, மூண்ட தீயில் கருவூலம் முழுவதும் எரிந்தது. கண்ணிவெடி காரணமா, பீரங்கிக் குண்டு காரணமா என்று இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. கருகிய தாள்கள் நகரத்தின் மேல் பறந்து, பல கல் தொலைவில் உள்ள ஹவுத் கடற்கரை வரை விழுந்தன.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகளில் நான்கு பங்குகளுடையவை மட்டுமே மிஞ்சின. அடங்காமல் தம்மிடமே வைத்துக்கொண்ட பங்குகளின் பதிவேடுகள் தப்பின. மக்களில் பெரும்பான்மையினரான கத்தோலிக்கரின் பதிவேடுகளை அரசு ஒருபோதும் பொது ஆவணமாக மதித்ததில்லை. அவை அந்தந்தப் பங்குத்தந்தையின் அலமாரியில் ஈரத்திலும் தூசியிலும் கிடந்தன. அந்தப் புறக்கணிப்பே அவற்றைக் காத்தது.

எரியாமல் அழிந்தவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கணக்கெடுப்புகள் அனைத்தும் 1922 தீயில் போயின என்று அயர்லாந்திலும் வெளியிலும் பலர் நம்புகிறார்கள். இது பிழை. 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் வீட்டுப் படிவங்கள் புள்ளிவிவரம் தொகுக்கப்பட்டதும் அரசின் ஆணைப்படியே அழிக்கப்பட்டன. படி எதுவும் வைக்கப்படவில்லை. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. ஆக, எட்டுக் கணக்கெடுப்புகளில் நான்கைப் போர் அழித்தது, நான்கை அலுவலகம் அழித்தது. கூட்டுத்தொகை கிடைத்துவிட்டால் வீட்டுவாரியான தாள் எதற்கு என்று கருதிய எழுத்தர்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. வெடிவைத்தவர்களைப் பற்றி மட்டும் நூல்கள் உண்டு.

வேறு தேவைக்காக எழுந்த படிகள்

1908 ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் எழுபது வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை வழங்கியது. 1909 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் அரசு பதிவுசெய்யத் தொடங்கியதோ 1864 இல்தான். 1839 இல் பிறந்த ஒருவரிடம் சான்றிதழ் இருக்க வழியில்லை. அவ்வாண்டு ஜனவரி 6 ஆம் நாள் இரவு அடித்த பெரும் புயல் நினைவிருக்கிறது என்று சொல்லிப் பலர் வயதை நிறுவ முயன்றனர். இது போதாதபோது 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடும்படி ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் போனது. விண்ணப்பதாரர் தம் தாய் தந்தையர் பெயரையும், குழந்தைப் பருவத்தில் வாழ்ந்த ஊரையும் எழுதுவார். எழுத்தர் கருவூலத்தில் அந்த வீட்டின் படிவத்தைத் தேடி, கண்டதைக் குறித்து அனுப்புவார்.

இப்படி எழுதப்பட்ட படிவங்கள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் உள்ளன. பஞ்சத்துக்கு முந்தைய அயர்லாந்தில் ஒரு சிற்றூர்க் குடிசைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதற்குப் பல குடும்பங்களுக்கு இது ஒன்றே சான்று. 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்கு மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போயினர். அவர்களுள் பலரின் பெயர் எழுதப்பட்ட கணக்கெடுப்பு 1841 இல் எடுக்கப்பட்டது மட்டுமே. ஒரு கிழவரோ கிழவியோ ஐந்து ஷில்லிங்குக்காக நிரப்பிய தாளில், பஞ்சத்தில் இறந்த தம்பி தங்கையரின் பெயரும் வயதும் எஞ்சியிருப்பது உண்டு. தேடிப் பார்த்து இல்லை என்று எழுதி அனுப்பப்பட்ட படிவங்களும் ஏராளம்.

உயில்களின் கதையும் இதை ஒத்தது. அரச வம்சாவளி அலுவலராக இருந்த வில்லியம் பெத்தாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 1800 வரையிலான உயர்நிலை உயில்களைப் படித்துக் குடும்ப உறவுகளை மட்டும் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். மூல உயில்கள் எரிந்தன. குறிப்பேடுகள் இருக்கின்றன. கெர்ட்ரூட் திரிஃப்ட், டெனிசன் குரோவ்ஸ் போன்ற தொழில்முறை வம்சாவளி ஆய்வாளர்கள் எடுத்த குறிப்புகளும் பின்னர் காப்பகங்களுக்கு வந்தன. வழக்கறிஞர்களின் அலுவலகப் பெட்டிகளிலும் வீடுகளிலும் கிடந்த உயில் படிகளையும் காப்பகம் சேர்க்கத் தொடங்கியது. வசதியுள்ள குடும்பங்களே உயில் எழுதின, ஆய்வாளரை அமர்த்தின. ஆகவே மீண்டதில் அவர்களின் பங்கு மிகுதி என்பதையும் சொல்ல வேண்டும்.

திரைக்கு வந்த பதிவுகள்

1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்கள் கருவூலத்தில் வைக்கப்படாததால் தப்பியவை. 1911 படிவம் குடும்ப வரலாற்றுக்குத் தனி மதிப்புள்ளது. மணமான பெண்கள் எத்தனை ஆண்டுகளாக இல்லறத்தில் உள்ளனர், உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர் எத்தனை பேர் என்ற கேள்விகள் அதில் இருந்தன. எழுதத் தெரிந்த குடும்பத் தலைவர் தம் கையாலேயே நிரப்பினார். தேசிய ஆவணக் காப்பகம் கனடாவின் நூலக ஆவணக் காப்பக நிறுவனத்துடன் சேர்ந்து இவற்றை எண்ணிமப்படுத்தியது. 1911 இன் டப்ளின் பகுதி 2007 இல் வெளியாயிற்று, மற்ற மாவட்டங்கள் 2009 க்குள் முடிந்தன. 1901 கணக்கெடுப்பு 2010 இல் வந்தது.

கத்தோலிக்கப் பதிவேடுகளை அயர்லாந்துத் தேசிய நூலகம் 1950கள் முதல் நுண்படச் சுருள்களில் பதிந்து வந்தது. சுருளைப் பார்க்க டப்ளினுக்கு வர வேண்டும். சில மறைமாவட்டங்களின் சுருளுக்கு ஆயரின் அனுமதிக் கடிதமும் வேண்டியிருந்தது. 2015 ஜூலை 8 அன்று அந்தச் சுருள்களின் படங்கள் அனைத்தும் இணையத்தில் திறந்துவிடப்பட்டன. படத்தின் தரம் நுண்படத்தின் தரமே. மங்கிய மையும், அவசரமாக எழுதப்பட்ட இலத்தீன் சுருக்கங்களும் அப்படியே இருக்கின்றன.

அரசுப் பதிவுகளில் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. 2014 ஜூலையில் வெளியிடப்பட்ட பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் அட்டவணை சில நாள்களிலேயே நீக்கப்பட்டது. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த நாளும் தாயின் கன்னிப் பருவக் குடும்பப் பெயரும் அதில் தெரிந்தன. வங்கிகள் வாடிக்கையாளரை அடையாளம் காணக் கேட்கும் விவரங்களும் இவையே. தரவுப் பாதுகாப்பு ஆணையர் தலையிட்டார். அலுவலகத்துக்குப் போய் எவரும் காகிதத்தில் பார்க்கக்கூடிய அதே விவரம், உலகில் எங்கிருந்தும் ஒரு நொடியில் தேடக்கூடியதானபோது வேறு பொருளாகிவிட்டது. 2016 செப்டம்பரில் மீண்டும் வெளியானபோது பிறப்புக்கு 100, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டுகள் என வரம்பு இடப்பட்டது. இம்முறை பதிவேட்டுப் பக்கங்களின் படங்களும் சேர்க்கப்பட்டன.

மெய்நிகர் கருவூலம்

தீயின் நூற்றாண்டையொட்டி 2022 ஜூன் 27 அன்று அயர்லாந்தின் மெய்நிகர் ஆவணக் கருவூலம் தொடங்கப்பட்டது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி வழிநடத்த, அயர்லாந்து, பிரிட்டன், வட அயர்லாந்து ஆகியவற்றின் ஆவணக் காப்பகங்கள் இதில் சேர்ந்தன. ஹெர்பர்ட் வுட்டின் பழைய வழிகாட்டியே இதற்கு அடிப்படை. எந்த அலமாரியில் என்ன இருந்தது என்று அந்நூல் சொல்வதால், அந்த வெற்றிடங்களுக்கு உரிய படிகளை உலகின் பல நூலகங்களிலிருந்து தேடி நிரப்புகின்றனர். எரிந்த கட்டடமும் முப்பரிமாண வடிவில் உருவாக்கப்பட்டுள்ளது. இடிபாடுகளிலிருந்து அலுவலர்கள் பொறுக்கிய கருகிய கட்டுகள் பழுப்புத் தாளில் சுற்றப்பட்டுப் பல பத்தாண்டுகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. பதப்படுத்தும் வல்லுநர்கள் இப்போது அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படமெடுக்கின்றனர்.

வீடுகளிலிருந்து வந்த ஆவணங்களுக்கு மற்றொரு சிறந்த எடுத்துக்காட்டு கால்வே பல்கலைக்கழகத்தின் 'இமிர்க்கே' தொகுப்பு. புலம்பெயர்வு என்பதைக் குறிக்கும் ஐரியச் சொல் அது. வட அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்தினர் எழுதிய கடிதங்களை வரலாற்றாசிரியர் கெர்பி மில்லர் ஐம்பதாண்டு அளவில் தேடித் திரட்டினார். பல கடிதங்கள் குடும்பங்களின் மேசை அறைகளிலும் பரண்களிலும் இருந்தவை. படியெடுக்கத் தந்துவிட்டு மூலத்தை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் 2024 மார்ச்சில் இணையத்துக்கு வந்தன. கணக்கெடுப்பு தராத செய்திகளை இவை தருகின்றன: வீட்டுக்கு அனுப்பிய பணம் எவ்வளவு, அடுத்துக் கப்பலேற வேண்டிய தங்கை யார், ஆடு மாடு என்ன ஆயிற்று.

காகிதம் கேட்கும் இடம்

இவ்வளவுக்குப் பின்னும் ஓரிடத்தில் படம் செல்லாது. அயர்லாந்தில் பிறந்த தாத்தா அல்லது பாட்டியைக் கொண்டு வெளிநாட்டில் பிறந்தவர்கள் குடியுரிமை பெறலாம். 2016 இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்த பின் இவ்வுரிமையை நாடுவோர் பெருகினர். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பலாம். ஆனால் மூன்று தலைமுறையின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் முத்திரையுடன் மூலத் தாளாக அஞ்சலில் போக வேண்டும். பதிவேட்டின் பக்கம் திரையில் தெளிவாகத் தெரிந்தாலும், அதே பதிவுக்குக் கட்டணம் செலுத்தித் தாள் வாங்கியாக வேண்டும். பங்கில் எழுதிய பெயர் ஒரு விதமாகவும் அரசுப் பதிவில் வேறு விதமாகவும் இருந்தால் இரண்டும் ஒருவரே என்று காட்ட மேலும் தாள்கள் வேண்டும். அப்போது பாட்டியின் தகரப் பெட்டியில் இருந்த பழைய கடிதம், கல்லறைச் சீட்டு, திருமண அழைப்பு ஆகியவற்றை மின்வருடிய பின் எறிந்துவிட்டோமா என்று குடும்பங்கள் தேடத் தொடங்குகின்றன.