மாற்று பூட் டிஸ்க் (யூனிக்ஸ்)

யூனிக்ஸ் சர்வரில் இயங்குதளத்தை ஏற்றும் டிஸ்க் பழுதானால், அதற்குப் பதிலாக நின்று இயந்திரத்தை எழுப்பித் தரும் இன்னொரு டிஸ்க்கே மாற்று பூட் டிஸ்க். பெட்டிக்குள் இரண்டாவது டிஸ்க் ஒன்று செருகியிருப்பதால் மட்டும் அது மாற்று பூட் டிஸ்க் ஆகிவிடாது. கோப்புகளின் நகல் அதில் இருக்க வேண்டும். பூட் நிரல் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் டிஸ்க் கைவிட்டால் அடுத்து எங்கே போவது என்று ஃபர்ம்வேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு இடங்களில் பதிவாவதால் மூன்றையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும்.

இதன் வேர் பிடிபி-11 கணினிகளின் காலத்தில் இருக்கிறது. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதற்குச் சில பதிப்புகளுக்குப் பின் வந்த யூனிக்ஸ் கோப்பு முறைமை டிஸ்க்கின் 0-ஆம் பிளாக்கைத் தொடாது. அது பூட் நிரலுக்கென்று விடப்பட்ட இடம். கோப்பு முறைமையின் கணக்கு வழக்கைச் சுமக்கும் சூப்பர்பிளாக் 1-ஆம் பிளாக்கில் இருக்கும். 1975-இல் வெளியான ஆறாம் பதிப்பு ஆர்கே05 டிஸ்க்கில் ஓடியது. ஓர் ஆர்கே05 கார்ட்ரிட்ஜில் 512 பைட் அளவுள்ள 4,872 பிளாக்குகள், அதாவது சுமார் 2.5 மெகாபைட். அவற்றில் 4,000 பிளாக் கோப்புகளுக்கு, மீதி 872 ஸ்வாப்புக்கு. 0-ஆம் பிளாக் நினைவகத்தில் ஏறியதும் டெர்மினலில் ‘@’ குறி அச்சாகும். எதிரே ‘ஆர்கேயூனிக்ஸ்’ என்று கெர்னலின் பெயரைத் தட்டினால் இயந்திரம் எழும். கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜ் என்பதால், நகலெடுத்து அலமாரியில் வைத்த இன்னொன்றே மாற்று டிஸ்க். ‘டிடி’ கட்டளை கொண்டு முழு டிஸ்க்கையும் நகலெடுத்தால் 0-ஆம் பிளாக்கும் சேர்ந்து வரும். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் வராது. பிற்கால யூனிக்ஸ்களிலும் நிர்வாகிகள் இடறி விழுவது பெரும்பாலும் இதே இடத்தில்தான்.

சன் நிறுவனத்தின் ஸ்பார்க் இயந்திரங்களில் இந்தச் சரிபார்ப்பு ஒரு கலையாகவே வளர்ந்தது. அவற்றின் ஓபன்பூட் ஃபர்ம்வேர் 1994-இல் ஐட்ரிபிள்ஈ 1275 என்ற தரநிலைக்கு அடிப்படையானது. அவற்றின் இயங்குதளமான சொலாரிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘ஈப்ராம் பூட்-டிவைஸ்’ என்று கேட்டால் ஃபர்ம்வேரின் வரிசையைப் பார்க்கலாம். விடை ‘டிஸ்க் நெட்’ என்று வந்தால் கவலைப்பட வேண்டும்: முதல் டிஸ்க் போனதும் இயந்திரம் நெட்வொர்க்கில் பூட் சர்வரைத் தேடிக்கொண்டு நின்றுவிடும், முதல் டிஸ்க்கில் எழுதுவதையெல்லாம் அப்படியே தன்னிலும் பதித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும் மிரர் டிஸ்க்கை எட்டிப் பார்க்காது. ‘மெட்டாஸ்டாட்’ கட்டளை மிரரின் இரு பாதிகளும் நலமா என்று சொல்லும். பூட் பிளாக்கை ‘இன்ஸ்டால்பூட்’ கொண்டு இரண்டாவது டிஸ்க்கில் தனியே எழுதுவதே நடைமுறை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சொலாரிஸ் வால்யூம் மேனேஜர் கவிழ்த்துவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு. மிரரின் நிலையை அது ‘மெட்டாடிபி’ என்னும் சிறு பிரதிகளில் குறித்து வைக்கிறது. ஓடும் இயந்திரம் தொடர்ந்து ஓடப் பாதிப் பிரதிகள் போதும். ஆனால் பலர் பயன்படுத்தும் நிலைக்கு முழுதாக பூட் ஆகப் பாதிக்கு மேல் வேண்டும். டிஸ்க்குக்கு மூன்றாக இரண்டு டிஸ்க்கில் ஆறு பிரதி வைத்திருப்பவரின் சர்வர், ஒரு டிஸ்க் இறந்த பிறகும் மாதக்கணக்கில் தடையின்றி ஓடும். ரீபூட் செய்யும் அன்றுதான் மூன்று பிரதிகள் போதவில்லை என்று நின்றுவிடும். இதற்காகவே கணினியின் அமைப்புக் கோப்பில் ‘மிரர்டு ரூட் ஃபிளாக்’ என்ற ஒரு வரியைச் சேர்ப்பார்கள். அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பதும் சரிபார்ப்பின் பகுதிதான்.

ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் வேலை எளிது. ‘எல்எஸ்விஜி’ கட்டளை ரூட்விஜி தொகுதியின் பட்டியலைத் தரும். அதில் ‘எச்டி5’ என்ற வரிதான் பூட் பகுதி. எதிரே 1, 2, 2 என்றிருந்தால் ஒரு தருக்கப் பகுதிக்கு இரண்டு நகல், இரண்டும் வெவ்வேறு டிஸ்க்கில். 1, 2, 1 என்றிருந்தால் இரண்டு நகலும் ஒரே டிஸ்க்கில், பயனில்லை. பிறகு ‘பூட்லிஸ்ட்’ கட்டளையின் விடையில் இரு டிஸ்க்குகளின் பெயரும் வர வேண்டும். எச்பி-யூஎக்ஸில் ‘செட்பூட்’ கட்டளை முதன்மைப் பாதையையும் மாற்றுப் பாதைகளையும் காட்டும்.

ஆனால் மிரர் மட்டும் முழுமையான மாற்று பூட் டிஸ்க் ஆகிவிடாது. டிஸ்க் பழுதிலிருந்து மிரர் காக்கும்; தவறான பேட்சையோ, கை தவறி அழித்த கெர்னலையோ அதே கணத்தில் இரு டிஸ்க்கிலும் பதித்துவிடும். தனித்து நிற்கும் நகலே உண்மையான மாற்று: ஏஐஎக்ஸில் ‘ஆல்ட்இன்ஸ்ட் ரூட்விஜி’, பழைய சொலாரிஸ் பதிப்புகளில் ‘லைவ் அப்கிரேட்’ உருவாக்கும் பூட் சூழல். முன்னதை ‘எல்எஸ்பிவி’ பட்டியலிலும் பின்னதை ‘எல்யூஸ்டேட்டஸ்’ பட்டியலிலும் காணலாம். பராமரிப்பு நேரத்தில் அந்த டிஸ்க்கிலிருந்தே ஒருமுறை பூட் செய்து பார்ப்பதுதான் கடைசிச் சோதனை.

லினக்ஸ் சர்வர்களில் ‘எம்டிஸ்டாட்’ கோப்பு மிரரின் நலத்தைக் காட்டும். யூஇஎஃப்ஐ வந்தபின் பூட் நிரல் தனி ஃபேட் பகுதிக்குப் போய்விட்டதால், அந்தப் பகுதி இரண்டாவது டிஸ்க்கிலும் இருக்கிறதா என்று ‘இஎஃப்ஐ பூட் மேனேஜர்’ கட்டளையின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.