ஹவாய்த் தோணிச் சங்கங்கள்

பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் பூர்வ குடிகள், மரத்தைக் குடைந்து, பக்கத்தில் மிதவை கட்டிய தோணிகளில் தொன்றுதொட்டுப் பந்தயம் விட்டு மகிழ்ந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்நியர் வழி வந்த கொள்ளைநோய்கள் அம்மக்களைப் பெருவாரியாக மாய்த்தன. பந்தயத்தில் பணயம் வைப்பதை மிஷனரிமார் கண்டித்தனர். விளையாட்டும் நலிந்தது. 1875இல் மன்னர் கலாக்காவா தம் பிறந்த நாளாகிய நவம்பர் 16ஐப் படகுப் பந்தய நாளாக்கி, அதற்குப் புத்துயிர் ஊட்டினார்.

1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பத்தாண்டுகள் கழித்து, 1908இல், தோணியோட்டத்தையும் அலைச்சறுக்கையும் காக்கவென்று அலெக்சாண்டர் ஹியூம் போர்டு என்பவர் வைக்கீக்கிக் கடற்கரையில் 'அவுட்ரிகர் கேனோ கிளப்'பை நிறுவினார். நன்முயற்சிதான், ஆனால் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். எனவே மண்ணின் மைந்தர்கள் 1911இல் 'ஹுயி நாலு', அதாவது 'அலைச் சங்கம்', என்ற தங்கள் சங்கத்தை முறைப்படி அமைத்தனர். அதைச் சேர்ந்த டியூக் கஹனமோக்கு 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். போட்டியாக எழுந்த இரு சங்கங்களும் இன்றும் தோணி செலுத்துகின்றன.

சங்கம் கூட்டும் நாம் இதில் ஒன்றைக் கருத வேண்டும்: ஒரு கலையைக் காக்க முனைந்தால், அதற்கு உரியவர்களுக்கு முதலிடம் தருதல் நம் கடமை.