சிறுவர் பாதிக்கப்பட்ட வழக்குகளில் பிணை (இலங்கை மலையகம்)

மலையகத் தோட்டப் பகுதிகளில் சிறுவருக்கு எதிராகப் பாரிய குற்றம் நடந்தால், சந்தேகநபரைப் பிணையில் விடுவதா, விளக்கமறியலில் வைப்பதா என்பதை ஹற்றன், நுவரெலியா முதலிய நீதவான் நீதிமன்றங்களும் நுவரெலியா மேல் நீதிமன்றமும் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி தீர்மானிக்கின்றன. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது அச்சட்டத்தின் அடிப்படை.

எந்த நீதிமன்றம் பிணை வழங்கலாம் என்பது குற்றத்துக்கான தண்டனையைப் பொறுத்தது. கொலை போல மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமானால் மேல் நீதிமன்ற நீதிபதி மட்டுமே பிணை வழங்கலாம். 16 வயதுக்குக் குறைந்த சிறுமி மீதான வல்லுறவுக்குத் தண்டனைச் சட்டக்கோவை விதிப்பது 10 முதல் 20 ஆண்டுச் சிறை. சிறுவர் மீதான பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்துக்கு 7 முதல் 20 ஆண்டு. ஆயுள் தண்டனை இல்லாததால் இவை நீதவானின் தற்றுணிபுக்குள் அடங்கிவிடுகின்றன. 'இந்தக் கேசுக்குப் பிணையே கிடையாது' என்று தோட்டத்தில் சொல்லப்படுவது சரியல்ல.

பிணை மறுப்பதற்கான காரணங்களைப் பிணைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது: சந்தேகநபர் தலைமறைவாகலாம், சாட்சிகளில் தலையிடலாம், மீண்டும் குற்றம் செய்யலாம், அல்லது குற்றத்தின் பாரதூரத்தால் பொதுமக்களிடையே அமைதியின்மை எழலாம். மலையக வழக்குகளில் இவற்றுள் கனமானது சாட்சித் தலையீடு. தோட்டத்து வரிசை வீடுகளான லயன் காம்பராக்கள் ஒரே சுவரைப் பகிர்கின்றன. தண்ணீர்ப் பீலியும் கொழுந்து மலைக்குப் போகும் பாதையும் பொது. சந்தேகநபர் அடுத்த காம்பராக்காரராகவோ சொந்த உறவினராகவோ இருக்கும்போது, 'சாட்சியை நெருங்கக் கூடாது' என்ற நிபந்தனையைக் காகிதத்தில் எழுதுவது எளிது, காப்பது கடினம். வேறு முகவரியில் தங்க வேண்டும், குறித்த நாளில் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனைகள் இங்கேதான் பொருள் பெறுகின்றன. சரீரப் பிணையாளர்களின் வதிவிடத்தைக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் உறுதிப்படுத்துகிறது. ஆனால் பிணையாளரும் பிள்ளையின் குடும்பமும் ஒரே தோட்டத்தில் வேலை செய்யும்போது, 'சமாதானமாகப் போங்கள்' என்ற பேச்சு பிணையாளரின் கையெழுத்தோடு சேர்ந்தே வருவதுண்டு. பொலிஸார் தாக்கல் செய்யும் 'பி' அறிக்கையில் யார் எந்த லயனில் வசிக்கிறார் என்பது தெளிவாக இல்லாவிட்டால் நீதவானுக்கு இந்த நெருக்கம் தெரிய வழியில்லை.

பொது அமைதியின்மை என்ற காரணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021இல் கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலை செய்த, மலையகத்தின் டயகமையைச் சேர்ந்த சிறுமி, ஜூலை 3 அன்று எரிகாயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, 15ஆம் திகதி உயிரிழந்தார். அந்த வீட்டாரும் சிறுமியை வேலைக்கு அனுப்பிய தரகரும் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். டயகமையில் புதைக்கப்பட்ட உடல் மாத இறுதியில் தோண்டியெடுக்கப்பட்டு இரண்டாவது பிரேத பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. மலையகமெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. பொது அமைதியின்மையைச் சட்டம் ஒரு காரணமாக ஏற்றாலும், தெருவின் கோபம் மட்டும் ஆதாரத்துக்கு ஈடாகாது.

மறுப்புக்கும் எல்லை உண்டு. தீர்ப்பில்லாமல் 12 மாதங்களுக்கு மேல் ஒருவரை மறியலில் வைக்க முடியாது. சட்டமா அதிபரின் விண்ணப்பத்தின் பேரில் மேல் நீதிமன்றம் மேலும் 12 மாதங்கள் வரை நீடிக்கலாம். குற்றப்பத்திரம் தாமதமானால் இந்தக் கணக்குச் சந்தேகநபருக்கே சாதகமாகிறது.

சாட்சித் தலையீட்டுக்கு எதிராகத் தனிச் சட்டமும் உண்டு. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் அச்சுறுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. அக்குற்றத்துக்கு விதிவிலக்கான சூழலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டுமே பிணை வழங்கலாம் என்றும் விதித்தது. 2023இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

பிணையில் வந்தவர் பிள்ளையையோ குடும்பத்தையோ மிரட்டினால் அது பழைய வழக்கின் தொடர்ச்சி மட்டுமல்ல, புதிய குற்றமும்கூட. பொலிஸ் நிலையத்திலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்திலோ உடனே முறையிடலாம்.