சாவா மூவாப் பேராடு

திருக்கோயில் வழிபாட்டில் திருவிளக்குத் தொண்டு தலைசிறந்தது. விமானம் வானளாவி நிற்பினும், அந்திப்பொழுதில் கருவறை இருண்டு கிடக்குமாயின் அவ்வூர்க்குப் பொலிவில்லை. ஆதலின் நம் முன்னோர் கோயில் எடுத்த அன்றே, அங்கு விளக்கு என்றும் அவியாதிருத்தற்குரிய வழியையும் எண்ணினர்.

இத்தொண்டிற்குப் பெருஞ்செல்வம் வேண்டுமோ எனின், வேண்டா என்பதற்குக் கணம்புல்ல நாயனார் வரலாறே சான்று. செல்வராயிருந்த அவர் வறுமையுற்றுத் தில்லையை அடைந்தார். கணம்புல்லை அரிந்து விற்று, அப்பொருளால் நெய் பெற்று விளக்கெரித்தார். புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே விளக்காக எரித்தார். அதுவும் போதாதபோது தம் திருமுடியையே எரிக்கத் துணிந்து இறைவன் அருளைப் பெற்றார். இல்லாததற்கு ஏங்காது, உள்ளதைக் கொண்டே தொண்டு செய்த பெருமை அவருடையது.

அடியார் ஒருவரின் அன்பு அவர் வாழ்நாளளவில் நின்றுவிடும். ஊர் முழுதும் தலைமுறை தலைமுறையாக ஒரு விளக்கைக் காப்பது எவ்வாறு? இதற்கு விடை கூறுவன சோழர் காலக் கல்வெட்டுகள்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைத்தற்குச் செப்புக்குடத்தை முதலாம் இராசராசன் அளித்தது கி.பி. 1010-ஆம் ஆண்டில். அக்கோயிற் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு ஒன்றிற்கு விடப்பெற்ற பொருளின் அளவு தெளிவாகக் காணப்படுகின்றது. 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். இவற்றைப் பெற்ற இடையர், ஆடவல்லான் என்னும் மரக்கால் அளவைப்படி நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அவர்தம் உறவினரும் அதற்குப் பொறுப்பேற்றனர்.

இக்கணக்கைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. உழக்கு என்பது நாழியில் காற்பங்கு. நாளொன்றுக்கு உழக்காக ஆண்டு முழுதும் அளப்பின் 91 நாழியும் ஓர் உழக்கும் ஆகும். 96 ஆடுகளுக்கு இதனைப் பகிர்ந்தால், ஆடொன்று ஓராண்டில் ஒரு நாழிக்கும் சிறிது குறைவாகவே நெய் தருதல் போதும். மந்தையை நலியச் செய்யாமலும், இடையன் குடியை வருத்தாமலும் அமைந்த அளவு இது. எஞ்சிய பயன் அவன் குடும்பத்தை வாழ்வித்தது. இறைவனுக்கு ஒளி, ஏழைக்குத் தொழில், கொடுத்தவர்க்குப் புண்ணியம். இம்மூன்றும் ஓர் ஆட்டு மந்தையிலிருந்து பிறந்தன.

இவ்வாடுகளுக்குக் கல்வெட்டுகள் வழங்கும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’ என்பது. ஆடு மூப்பதும் சாவதும் இயற்கையன்றோ? எனின், மூத்தும் இறந்தும் குறைவனவற்றைக் குட்டிகளால் ஈடுசெய்து, தொகை 96-இல் குறையாது இடையன் காத்து வந்தான். தனியாடு அழியும், மந்தை அழியாது. பயனைத் துய்த்து முதலைப் பேணும் எளிய நெறியே அவ்வாடுகளுக்குச் சாவாமையை அளித்தது.

இந்நெறி ஆடுகளோடு நின்றுவிடவில்லை. கண்டராதித்த சோழரின் தேவியாரும், கணவரை இழந்தபின் சிவத்தொண்டிலேயே வாழ்ந்தவருமாகிய செம்பியன் மாதேவியார், திருக்கோடிகா கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தார். அப்போது அங்கிருந்த பழைய கல்வெட்டுகள் படியெடுக்கப்பெற்றுப் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. தம் கொடை பெரிதென்று எண்ணி முன்னோர் அளித்த சிறு கொடைகளை அவர் மறையவிடவில்லை. பழையதைப் போற்றி அதன்மேல் புதியதை அமைப்பதே உண்மையான திருப்பணி என்பதனை அவர் செயல் உணர்த்துகின்றது.

இல்லறத்தார்க்கும் இதில் நல்லதோர் பாடம் உண்டு. வருவாய் சிறிதாயினும் முதலை உண்ணாது பயனளவில் வாழும் குடும்பம் தளர்வதில்லை. வருவாய் பெரிதாயினும் மந்தையையே அறுத்துண்ணும் குடும்பம் நிலைப்பதில்லை. எளிமை என்பது வறுமையன்று. உள்ள பொருளை உலவாமற் காக்கும் அறிவு அது.

இன்று இத்திருக்கோயிலில் குடமுழுக்கு இனிது நிறைவேறுகின்றது. அன்பர்கள் மனமுவந்து பொருள் வழங்கியுள்ளனர். எனினும் யாகசாலையின் புகை அடங்கி, கூட்டம் கலைந்தபின் வரும் எளிய நாட்களிலேதான் நம் பக்தி அளந்தறியப்படும். விழாவில் எஞ்சிய பொருளைச் செலவிடாது முதலாக வைத்து, அதன் பயனால் ஒரு விளக்கையேனும் நாள்தோறும் ஏற்றுவோமாயின், நாமும் சாவா மூவாச் செல்வம் ஒன்றை நம் மக்களுக்கு விட்டுச் சென்றவராவோம். அதற்கு இறைவன் திருவருள் முன்னிற்பதாக.