பேராக் தோட்டங்களில் கிராணியின் எழுதுகோல்

ஒரு நிறுவனம் பொருளால் மட்டும் நிலைபெறுவதில்லை; எழுத்தாலும் நிலைபெறுகின்றது. விளைந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, உழைத்தவர் எத்தனை பேர், அவர்களுக்கு அளித்த கூலி எவ்வளவு என்பன பிழையின்றி எழுதப்பெற்றாலன்றி வாணிகம் நடைபெறாது. எழுதுவதையே தொழிலாகக் கற்றோரைத் தேடி அமர்த்தும் வழக்கம் கணினிக் காலத்தின் புதுமை அன்று. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அது வேரூன்றியிருந்தது. அங்ஙனம் அமர்த்தப்பெற்றவரே கிராணியார். வட இந்தியாவிலிருந்து வந்த இச்சொல், தமிழிலும் மலாயிலும் எழுத்தரைக் குறிக்கும்.

1877ஆம் ஆண்டில் கோல கங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டித் தொழில் வளர, காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. சுங்கை சிப்புட், பாகான் செராய், பாரிட் புந்தார், தெலுக் இந்தான் ஆகிய வட்டாரங்களிலெல்லாம் தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். தோட்டங்கள் பலவற்றின் உரிமையாளரோ இலண்டனில் இருந்த பங்குதாரர். ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்பீல்டு, கத்ரி போன்ற முகவர் நிறுவனங்கள் அவர்கள் சார்பில் தோட்டங்களை மேற்பார்த்தன. மரத்தைக் கண்ணாலும் காணாத முதலாளிக்கு அத்தோட்டம் ஒரு காகிதக் கட்டாகவே சென்று சேர்ந்தது. ஆகவே, ஆங்கிலத்தில் கணக்கெழுத வல்லவரும் தமிழில் தொழிலாளரோடு பேச வல்லவரும் ஆகிய ஒருவர் துரைக்குத் தேவைப்பட்டார்.

அத்தகையோர் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தனர். இதற்குக் காரணம் கல்வியே. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கழகம் ஒன்றை நிறுவினர். அவர்கள் பரப்பிய ஆங்கிலக் கல்வி, உள்ளூரில் வேலை தேடித் தீராத ஓர் இளைஞர் கூட்டத்தை உருவாக்கியது. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாய் மாநிலங்களின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்து வேலைக்கு யாழ்ப்பாணத்தவர் அமர்ந்தனர். பின்னர்த் தோட்டங்களும் அவர்களை நாடின. மலையாளிகளும் பெருமளவில் இத்தொழிலில் சேர்ந்தனர். 1909இல் தோன்றிய ஈப்போ ஆண்டர்சன் பள்ளி, 1912இல் தோன்றிய செயின்ட் மைக்கல் பள்ளி முதலியவை வளர வளர, உள்ளூரில் படித்தோரும் இப்பணிக்கு வரலாயினர்.

கிராணியாரின் நாள் விடியற்காலைப் பெரட்டுடன் தொடங்கிற்று. இருளில் நின்ற தொழிலாளரின் பெயரை அழைத்து, வந்தவர்க்கும் வராதவர்க்கும் தனித்தனிக் குறியிடுவார். மரம் வெட்டி முடிந்தபின், ஒவ்வொருவர் கொணர்ந்த பாலையும் நிறுத்து, மெட்ரோலாக் கருவியால் அதிலுள்ள ரப்பரின் அளவைக் கணித்து எழுதுவார். மாத இறுதியில் இவை யாவும் செக்ரோலில் கூடிக் கூலியாக மாறும். தோட்ட அறிக்கையாக உருப்பெற்று முகவர் நிறுவனத்துக்குச் செல்லும். இவ்வெழுத்தில் அழகுக்கு இடமில்லை. ஒரு பெயருக்கு ஒரு வரி, ஒரு நாளுக்கு ஒரு கட்டம், ஒரு தொகைக்கு ஒரே பொருள் என்னும் ஒழுங்கே அதன் இலக்கணம்.

ஆயினும் அவ்வெழுத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. எவர் வாழ்வு எழுதப்பெற்றதோ அவரால் அதனைப் படிக்க இயலவில்லை. பால் குறைத்து எழுதப்பெற்றாலும், வந்த நாள் வராத நாளாகக் குறிக்கப்பெற்றாலும், தொழிலாளிக்குச் சான்று காட்ட வழியில்லை. கிராணியாருள் நல்லோரும் இருந்தனர். கடிதம் எழுதிக் கொடுத்தும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தும் உதவியோர் உண்டு. தொடக்க காலத் தோட்டப் பள்ளிகள் சிலவற்றில் ஆசிரியராகவும் கிராணியாரே இருந்தார். எனினும், அவரை அமர்த்தியதும் ஊதியம் அளித்ததும் நிறுவனமே. எழுதியவர் யாருக்காக எழுதினார் என்பதில் ஐயமில்லை.

பள்ளியறை தேவை என்பதனைச் சட்டமும் பின்னர் ஏற்றது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென விதித்தது. அப்பள்ளிகளில் தமிழ் படித்த பிள்ளைகளுக்கும் ஆங்கிலச் செக்ரோல் எட்டாக் கனியாகவே இருந்தது.

எழுத்து அறவே இல்லாதபோது நேர்வது இன்னும் கொடிது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்-பர்மா இருப்புப்பாதை அமைக்க மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழரைக் கொண்டு சென்றனர். பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் மாண்டனர். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7000 பேர் துயில்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த பலகை உண்டு. படைகள் தம் வீரர்க்குப் பெயர்ப் பதிவு வைத்திருந்தன. உடன் மாண்ட தமிழர்க்கு அத்தகைய முழுமையான பதிவு இல்லை. எனவே அவர்களுள் மிகப் பலர்க்குப் பெயர் தாங்கிய கல்லும் இல்லை.

போருக்குப் பின் காகிதத்தின் ஆட்சி மேலும் வலுத்தது. 1948ஆம் ஆண்டு அவசரகாலத்தில் அடையாள அட்டை வந்தது. 1951இல் தொழிலாளர் சேமநிதி வந்தது. 1957இல் விடுதலையும் அதனோடு குடியுரிமைக் கேள்வியும் வந்தன. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலைக்கு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டுமென்றது. பிறந்த இடத்துக்குச் சான்று எங்கே என அரசாங்கம் கேட்டபோது, பலரிடம் விடையாக நீட்ட ஒரு தாளும் இல்லை. தங்கம்மா என்னும் பெயர் ஒரு பத்திரத்தில் 'எச்' எழுத்துடனும் மற்றொன்றில் அஃது இன்றியும் இருக்குமாயின், ஒருத்தியே இருவராகத் தோன்றுவாள். அவ்வோர் எழுத்து அவள் பிள்ளைகளின் பத்திரங்களிலும் தொடரும்.

இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. எனினும் கிராணியாரின் எழுதுகோல் விட்டுச் சென்ற பாடம் மறையவில்லை. கட்டுரையும் கவிதையும் கற்பிக்கும் தமிழ்ப் பள்ளி, ஒரு விண்ணப்பத்தை நிரப்பவும், சம்பளச் சீட்டைச் சரிபார்க்கவும், பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பு நோக்கவும் கற்பிப்பது சிறுமை அன்று. நிறுவனங்கள் தமக்கு வேண்டிய எழுத்தரை என்றும் விலை கொடுத்துப் பெற்றுக்கொள்ளும். ஏழையின் ஏட்டை எழுதவும் படிக்கவும் வல்ல எழுத்தர், அவன் வீட்டுப் பிள்ளையே ஆதல் வேண்டும்.